விடுதியில் விட்ட பிள்ளை நிலைக்க வேண்டுமா? முதல் மாதத்தைக் கவனியுங்கள்



ஜூன் மாதம் பிறந்தால் நம் பகுதியில் இரண்டு காரியம் சேர்ந்தே நடக்கும். குற்றாலத்தில் சாரல் கட்டும், பள்ளிக்கூடம் திறக்கும். தென்காசி பேருந்து நிலையத்தில் ஒரு பக்கம் அருவியில் குளிக்கப் போகிறவர்கள் துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாக நிற்பார்கள். இன்னொரு பக்கம் டிரங்குப் பெட்டி, வாளி, பாய், தலையணை என்று சுமந்துகொண்டு தாய்மார்கள் நிற்பார்கள். பிள்ளையை விடுதியில் சேர்க்கப் போகிறவர்கள்.

சேர்ப்பது பெரிய காரியமில்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதக் குழுக் கூட்டத்தில் என்ன பேச்சு வருகிறது என்று பாருங்கள். "பிள்ளை ஒரே அழுகை. தாங்க முடியல, கூட்டிட்டு வந்துட்டேன்" என்று யாராவது ஒரு உறுப்பினர் சொல்வார். அப்படித் திரும்பி வந்த பிள்ளை உள்ளூர்ப் பள்ளியில் உடனே சேர்ந்துவிட்டால் கவலையில்லை. ஆனால் கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கமெல்லாம் நடப்பது நமக்குத் தெரியாததல்ல. "டிசி வாங்கணும், அடுத்த வாரம் போலாம்" என்று நாள் தள்ளும். அதற்குள் பிள்ளை சொளவை மடியில் வைத்து அம்மாவுக்கு பீடி மடக்க உட்கார்ந்துவிடும். சின்ன விரல், வேகமாக ஓடும். ஆயிரம் பீடி சீக்கிரம் முடிகிறதே என்று நமக்கும் ஒரு நிம்மதி வந்துவிடும். அந்த நிம்மதிதான் ஆபத்து.

அதனால் விடுதி என்றால் என்ன, உள்ளே ஒரு நாள் எப்படிக் கழிகிறது, தாய் எதைக் கேட்க வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று இந்த இதழில் பார்ப்போம்.

எல்லா விடுதியும் ஒன்றல்ல

நாம் பொதுவாக 'ஆஸ்டல்' என்று சொல்லிவிடுகிறோம். அதில் மூன்று வகை உண்டு.

முதலாவது, அரசு நடத்தும் மாணவியர் விடுதி. ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை போன்றவை நடத்துபவை. இங்கே பிள்ளை தங்குவதும் சாப்பிடுவதும் விடுதியில், படிப்பது பக்கத்துப் பள்ளியில். கட்டணம் கிடையாது. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் பள்ளி விடுதிகளில் 4-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை சேர்க்கிறார்கள். வீட்டுக்கும் பள்ளிக்கும் குறைந்தது 8 கிலோமீட்டர் தூரம் இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. ஆனால் அந்தத் தூர விதி பெண் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. இது பல பேருக்குத் தெரியாமல் "எங்க ஊரு கிட்டத்துல இருக்கு, சேர்க்க மாட்டாங்க" என்று விண்ணப்பமே போடாமல் இருந்துவிடுகிறார்கள். விண்ணப்பம் விடுதிக் காப்பாளினியிடமே இலவசமாகக் கிடைக்கும். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் விண்ணப்பிக்கும்போதே வேண்டும் என்பதில்லை, சேரும்போது கொடுத்தால் போதும். பெற்றோரின் வருமான வரம்பு எவ்வளவு என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள், அது மாறும்.

இரண்டாவது, பள்ளியும் தங்குமிடமும் சேர்ந்த உண்டு உறைவிடப் பள்ளி. 2004-ல் மத்திய அரசு தொடங்கிய கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா இந்த வகை. கல்வியில் பின்தங்கிய ஒன்றியங்களில், முக்கியமாகப் படிப்பை விட்டு நின்ற பெண் பிள்ளைகளுக்காக வந்த திட்டம்.

மூன்றாவது, தனியாரும் அறக்கட்டளைகளும் நடத்துபவை. இதில்தான் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2014-ல் பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் வந்தது. அதன்படி இப்படிப்பட்ட விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். "உரிமம் இருக்கா, காட்டுங்க" என்று கேட்பதில் வெட்கமில்லை. நாம் குழுக் கடன் வாங்கும்போது வங்கியில் நம்மிடம் எத்தனை காகிதம் கேட்கிறார்கள்! பிள்ளையை ஒப்படைக்கும்போது நாம் ஒரு காகிதம் கேட்கக் கூடாதா?

பெண் பிள்ளைக்கு விடுதி எதற்கு என்று கேட்கும் பெரியவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. இது இன்று நேற்று வந்த ஏற்பாடு இல்லை. பதினோரு வயதில் விதவையான சுப்பலட்சுமி அம்மையார் தானும் படித்துப் பட்டம் வாங்கி, 1912-ல் சென்னையில் இளம் விதவைகள் தங்கிப் படிக்க இல்லம் ஆரம்பித்தார். பிறகு கடற்கரை ஓரத்து ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அது நடந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி ஒழிப்புக்குப் போராடியபோது, அந்தக் குடும்பங்களிலிருந்து வெளியேறி வந்த பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்தன. அதனால் 1930-ல் அவரே அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். தங்க ஒரு கூரை இருந்தால்தான் அந்தப் பிள்ளைகள் படிக்கவே முடியும் என்ற நிலை. நம் பக்கத்திலும் 1964-ல் குற்றாலநாதர் கோயில் தேவஸ்தானம் பராசக்தி மகளிர் கல்லூரியைத் தொடங்கியதால்தான், வெளியூர் அனுப்பப் பயந்த குடும்பத்துப் பெண்களும் பட்டம் வாங்க வழி பிறந்தது.

காலை முதல் இரவு வரை

அரசு விடுதியில் ஒரு நாள் பெரும்பாலும் இப்படிப் போகும். காலை 5 அல்லது 5.30 மணிக்கு மணி அடிக்கும். எழுந்து பாயைச் சுருட்டி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் படிப்பு. பிறகு குளியலறை வாசலில் வரிசை. வீட்டில் "யம்மா, தண்ணி ஊத்து" என்று கூப்பிட்டுப் பழகிய பிள்ளைக்கு முதல் சிக்கல் இங்கேதான். பத்து, பதினைந்து பேருக்கு ஒரு குளியலறை இருந்தால் ஒரு ஆளுக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது. பெரிய பிள்ளைகள் முந்திக்கொள்ளும். ஆறாம் வகுப்புப் பிள்ளை வாளியோடு நின்றுகொண்டே இருக்கும், பள்ளிக்கு நேரமாகிவிடும். அழுகைக்குக் காரணம் கேட்டால் "அம்மா ஞாபகம்" என்றுதான் சொல்லும். உண்மையில் பாதி நாள் காரணம் இந்த வாளி வரிசைதான்.

காலைச் சாப்பாடு இட்லி, பொங்கல், உப்புமா என்று மாறி மாறி வரும். பள்ளி நாட்களில் மதியம் சில இடங்களில் பள்ளிச் சத்துணவு, சில இடங்களில் விடுதியிலிருந்து டிபன் பாக்ஸ். சாயங்காலம் திரும்பியதும் சுண்டல் மாதிரி ஏதாவது. துணி துவைக்க, விளையாட, தலை சீவ ஒரு மணி நேரம். ஆறு மணியிலிருந்து படிப்பு, இரவுச் சாப்பாடு, மறுபடி கொஞ்சம் படிப்பு, ஒன்பதரை வாக்கில் விளக்கை அணைப்பார்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம், நமக்குக் கணக்கு வரும். பள்ளி விடுதிப் பிள்ளைக்கு உணவுச் செலவாக அரசு மாதம் 1000 ரூபாய் கொடுத்து வந்தது. 2023-ல் அதை 1400 ரூபாயாக உயர்த்தியது. முப்பது நாளைக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 46 ரூபாய் 67 காசு. பழைய கணக்கில் 33 ரூபாய் சொச்சம்தான். ஐம்பது பிள்ளைகள் உள்ள விடுதி என்றால் மாதம் 70,000 ரூபாய். தக்காளி விலை ஏறும் மாதத்தில் இந்தப் பணத்தில் சமைப்பது எளிதில்லை என்பது வீட்டுச் செலவு பார்க்கும் நமக்குப் புரியும். ஆனால் முட்டை போட வேண்டிய நாளில் முட்டை வந்ததா என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. எந்தக் கிழமை என்ன சாப்பாடு என்ற பட்டியல் விடுதிச் சுவரில் இருக்க வேண்டும். பார்க்கப் போகும்போது அதை ஒரு முறை படியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள். "இன்னிக்கு என்ன போட்டாங்க?" என்ற கேள்விக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

சாரல் காலத்துத் துணி

வெளியூர்க்காரர்களுக்குச் சாரல் சுகம். விடுதிப் பிள்ளைகளுக்கு அது ஈரத்துணி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி, மேலகரம் பக்கம் காலையில் துவைத்த துணி மறுநாள் சாயங்காலமும் ஈரமாகவே இருக்கும். வீட்டில் என்றால் அடுப்பு மேட்டில் கொடி கட்டி உலர்த்துவோம். விடுதியில் ஜன்னல் கம்பிதான் கொடி. அரசு விடுதியில் 10-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு நான்கு இணைச் சீருடை உண்டு. அது கைக்கு வந்து சேரும் வரை இரண்டு செட்டை வைத்துச் சமாளிக்கும் பிள்ளை ஈரத்தோடுதான் போட்டுக்கொண்டு போகும். அதிலிருந்து படர்தாமரை வரும். நெருக்கமாகப் படுப்பதால் சொறி சிரங்கும் பரவும்.

சொறி என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பூச்சி தோலுக்குள் குடைவதால் வருவது அது, அழுக்குப் பிள்ளைக்கு மட்டும் வருவதல்ல. ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து போட்டால் பக்கத்துப் பாயிலிருந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும். அந்த அறையில் படுக்கிற எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் தருவார்கள். கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கத் தடவ வேண்டும், அரிக்கிற இடத்தில் மட்டும் போட்டால் பயனில்லை. துணியையும் போர்வையையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப் போட வேண்டும். வெயிலே இல்லாத சாரல் நாளில் என்ன செய்வது? துணியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி ஒரு வாரம் அப்படியே வையுங்கள். மனித உடம்பு கிடைக்காவிட்டால் அந்தப் பூச்சி சில நாளில் செத்துவிடும். லீவில் பிள்ளை வீட்டுக்கு வந்து போகும்போது வீட்டில் உள்ளவர்களுக்கு அரித்தால் அவர்களும் சேர்ந்து மருந்து போட வேண்டும்.

பேன் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பெட்டியில் ஒரு பேன்சீப்பு கட்டாயம் போட்டு அனுப்புங்கள்.

வயசுக்கு வருகிற பருவம்

ஆறாம், ஏழாம் வகுப்பில் சேர்க்கும் பிள்ளைகள் பலர் விடுதியில் இருக்கும்போதே பெரியவளாகிறார்கள். முன்கூட்டியே சொல்லாமல் அனுப்பினால், நடுராத்திரி ரத்தத்தைப் பார்த்துப் பிள்ளை நடுங்கிப்போகும். ஏதோ நோய் என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் அழும் பிள்ளைகளும் உண்டு. "அதெல்லாம் அப்புறம் தெரிஞ்சுக்குவா" என்று தள்ளிப்போடாதீர்கள். இரண்டு நாப்கின் பொட்டலம், இரண்டு பழைய உள்ளாடை, ஒரு கறுப்பு பாவாடை தனியாகக் கட்டி வைத்து, இது எதற்கு என்று சொல்லி அனுப்புங்கள். வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் தர தமிழக அரசு 2011-12-ல் 'புதுயுகம்' திட்டத்தைத் தொடங்கியது, சகோதரிகளுக்கு ஞாபகம் இருக்கும். விடுதியில் நாப்கின் யாரிடம் கேட்க வேண்டும், பயன்படுத்தியதை எங்கே போட வேண்டும் என்பதைச் சேர்க்கும் அன்றே காப்பாளினியிடம் பிள்ளையின் முன்னால் கேளுங்கள். பிள்ளைக்குக் கேட்கிற கூச்சம் அங்கேயே பாதி போய்விடும்.

இன்னொன்று. பெரியவளாகிவிட்டாள் என்று சடங்குக்கு அழைத்து வந்து, "இனி எதுக்கு அவ்வளவு தூரம்" என்று நிறுத்திவிடுவது நம் கிராமங்களில் இன்னும் நடக்கிறது. சடங்கை ஞாயிற்றுக்கிழமை வைத்து, செவ்வாய்க்கிழமை பிள்ளையைப் பள்ளியில் விடுகிற குடும்பங்களும் இருக்கின்றன. முடியும்.

போனில் என்ன பேசுகிறோம்?

முதல் இரண்டு மூன்று வாரம் பெரும்பாலான பிள்ளைகள் அழும். ராத்திரியில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில் அதிகம். பக்கத்துப் பாயில் ஒரு தோழி கிடைத்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். இந்த நேரத்தில் நாம் போனில் பேசுவது பெரிய வேலை செய்யும்.

"யம்மா, என்னைய வந்து கூட்டிட்டுப் போ" என்று பிள்ளை அழுதால், "அழாத மக்கா, வார ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டு வந்துருதேன்" என்று அப்போதைக்குச் சமாதானம் சொல்லிவிடுகிறோம். பிள்ளை ஞாயிறு வரை பெட்டியைக் கட்டி வைத்துக் காத்திருக்கும். நாம் போகவில்லை என்றால் நம் பேச்சில் இருந்த நம்பிக்கையும் போய்விடும். "பார்க்க வாரேன்" என்று சொல்லுங்கள். என்றைக்கு வருவீர்கள் என்று தேதி சொல்லுங்கள், அந்தத் தேதியில் போங்கள். வீட்டில் மீன் குழம்பு வைத்த கதையும், ஆடு குட்டி போட்ட கதையும் முதல் மாதம் கொஞ்சம் குறைவாகச் சொன்னால் நல்லது. பதிலுக்கு, குளிக்க எத்தனை மணிக்கு எழுந்தாள், யார் பக்கத்தில் படுக்கிறாள், துணி காய்ந்ததா என்று கேளுங்கள். இப்படிச் சின்னக் கேள்வி கேட்டால்தான் உண்மையான சிக்கல் வெளியே வரும். வாளி வரிசைதான் பிரச்சினை என்றால் காப்பாளினியிடம் சொல்லி, சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் நேரம் ஒதுக்கச் சொல்லலாம். அதற்காகப் படிப்பை நிறுத்த வேண்டாம்.

எல்லா அழுகையும் வீட்டு ஏக்கம் என்று விட்டுவிடவும் கூடாது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்தால், ஒரு குறிப்பிட்ட ஆளின் பேரைச் சொன்னாலே பயந்தால், இந்த வயதில் புதிதாகப் படுக்கையை நனைக்க ஆரம்பித்தால், உடம்பில் காயம் தெரிந்தால், அன்றைக்கே நேரில் போங்கள். பிள்ளையைத் தனியாக வெளியே அழைத்து வந்து பேசுங்கள். அங்கே பாதுகாப்பில்லை என்று தெரிந்தால் உடனே அழைத்து வந்துவிடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, காசு செலவில்லை, பிள்ளையே கூட அழைக்கலாம். அந்த எண்ணை மனப்பாடம் செய்துவைத்து அனுப்புங்கள். பிள்ளைகள் மீதான பாலியல் குற்றத்துக்கு 2012-ல் வந்த போக்சோ சட்டம் இருக்கிறது. அப்படி ஒன்று நடந்தது தெரிந்தும் புகார் சொல்லாமல் மறைப்பதே அந்தச் சட்டப்படி குற்றம். மறைப்பவர் விடுதி நடத்துபவராக இருந்தாலும் சரி, ஊர்ப் பெரியவராக இருந்தாலும் சரி.

சேர்க்கும்போது, பிள்ளையை வெளியே அழைத்துப்போக யார் யாருக்கு அனுமதி என்று எழுதிக் கொடுங்கள். இரண்டு பேர் போதும், போட்டோவோடு. குற்றாலத்தில் சீசன் என்றால் எங்கிருந்தெல்லாமோ சொந்தக்காரர்கள் வருவார்கள். "அருவிக்குப் போறோம், பிள்ளையையும் ரெண்டு நாள் கூட்டிட்டுப் போறோம்" என்று யாராவது விடுதி வாசலில் போய் நின்றால், பட்டியலில் பேர் இல்லாதவரோடு அனுப்பக் கூடாது. காப்பாளினி கண்டிப்பாக இருந்தால் கோபப்படாதீர்கள். அப்படிப்பட்ட விடுதிதான் நமக்கு வேண்டும்.

விடுதியின் பேர்

ஆதிதிராவிடர் நல விடுதிகளில் 85 சதவீத இடம் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்துவ ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கு. 10 சதவீதம் பிற்படுத்தப்பட்டோருக்கு, 5 சதவீதம் மற்றவர்களுக்கு. ஆக எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே சட்டிச் சோறு சாப்பிட்டு, பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுக்க வழி உண்டு. ஆனால் பல ஆண்டுகளாக ஒரு வேதனையும் இருந்தது. விடுதியின் பெயர்ப் பலகையைப் பார்த்தே பிள்ளையின் சாதி என்ன என்று பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும். "நீ எந்த ஆஸ்டல்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கி நின்ற பிள்ளைகள் எத்தனையோ.

2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் சக மாணவர்களால் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்ட கொடுமைக்குப் பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளின் பேரில் சாதி அடையாளம் இருக்கக் கூடாது என்பது அதில் ஒரு பரிந்துரை. 2025 ஜூலையில், அரசு மாணவர் விடுதிகள் எல்லாம் 'சமூகநீதி விடுதி' என்று அழைக்கப்படும் என அரசு அறிவித்தது. ஆகவே அந்தப் பேரைப் பார்த்து "இது வேற ஏதோ புது விடுதி" என்று குழம்ப வேண்டாம், பழைய விடுதிதான். பேரை மாற்றியது நல்லது. பிள்ளையை அனுப்பும்போது "அவளோட சேராத, அவ தட்டுல தின்னாத" என்று நாம் காதில் ஓதி அனுப்பினால், பலகையை மாற்றி என்ன பிரயோசனம் என்பது என் கேள்வி.

எந்த வயதில் அனுப்பலாம் என்று பல உறுப்பினர்கள் கேட்கிறார்கள். 4-ஆம் வகுப்பிலேயே சேர்க்கலாம் என்று விதி இருந்தாலும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் 6-ஆம் வகுப்பு வரை பொறுத்திருப்பது நல்லது என்பது என் கருத்து. தானே தலை பின்னவும், தன் துணியைத் துவைக்கவும், வயிறு வலித்தால் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லவும் தெரிந்த பிள்ளை தாக்குப்பிடிக்கும். உள்ளூரில் நல்ல பள்ளியும் நேரத்துக்குப் பஸ்ஸும் இருந்தால் விடுதியே தேவையில்லை. தாய் தகப்பன் வேலைக்கு வெளியூர் போகும் வீடு, குடித்துவிட்டு இரவெல்லாம் சண்டை நடக்கும் வீடு, எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளி இல்லாத ஊர், இவற்றுக்கு விடுதி கைகொடுக்கும்.

ஒரே விடுதியில் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த நான்கைந்து உறுப்பினர்களின் பிள்ளைகள் இருக்கலாம். ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு நாள் கூலியை விட்டுப் போக வேண்டியதில்லை. முதல் மாதம் வாரம் ஒருவர் என்று முறை வைத்துப் போகலாம். போகிறவர் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்து, காய்ச்சல், சொறி, சாப்பாடு, துணி எல்லாம் விசாரித்து வந்து மற்ற தாய்மாருக்குச் சொல்லலாம். குழு வைத்திருப்பவர்களுக்கு முறை போடுவது புதிதல்ல. காப்பாளினியிடம் இதை முன்பே சொல்லி, போகிறவர்களின் பேரைப் பார்வையாளர் பதிவேட்டில் எழுத அனுமதி வாங்கிவிடுங்கள்.

போகும்போது முறுக்கோ அதிரசமோ கொண்டுபோனால் உங்கள் பிள்ளைக்கு மட்டும் என்று பொட்டலம் கட்டாதீர்கள். அந்த அறையில் எத்தனை பேர் என்று முதலில் கேட்டு, தலைக்கு ஒன்றாவது வருகிற மாதிரி எண்ணிக் கட்டுங்கள்.